பிரிக்காத பொட்டலம்

என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரிக்குப் பக்தி அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அது பக்தியாகத் தெரியாது. ஒரு முடிவையும் தானாக எடுக்கத் தெரியாத மனுஷனுக்கு ஓர் அம்மன் வாய்த்துவிட்டாள், அவ்வளவுதான். போர்வெல் போடலாமா, பூ கேள். எருமையை விற்கலாமா, பூ கேள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் எருமைக்கு நல்ல விலை வந்தது. சிவப்பு வந்துவிட்டதென்று விற்காமல் கட்டி வைத்தார். ஒரே மாதத்தில் அது வயிறு ஊதிச் செத்துப்போனது. "வித்திருந்தா வாங்குனவன் பாவம் நம்மளச் சேந்திருக்கும் புள்ள. அதான் ஆத்தா தடுத்துப் போட்டா" என்றார். நான் போய்ச் சாணி அள்ளினேன்.

பூ கேட்பதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே அளவு வாழை இலையில் மடித்து நாரால் கட்டி, எங்கள் குலக்கோயில் செல்லாண்டியம்மன் காலடியில் வைக்க வேண்டும். பண்டாரம் நாச்சிமுத்து பூஜை முடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் கூடாது. அவள் கொடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாழுங்கிணற்றில் போட்டுவிட வேண்டும். இவர் வீட்டில் முன்பெல்லாம் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்களாம். கூடாது, எங்கள் வீட்டு வழக்கம் இப்படி என்று நான்தான் வந்த புதிதில் நிறுத்தினேன். பொட்டலம் கட்டுவதும் நான்தான்.

எங்கள் கல்யாணமே பூ கேட்டு நடந்ததுதான். நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு நேர்காணல் அட்டை வந்திருந்தது. அதே வாரம் வெண்ணந்தூரிலிருந்து இவர் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். படிப்பா கல்யாணமா என்று அப்பா தடுமாறினார். பூ கேட்டார்கள். கல்யாணத்துக்கு வெள்ளை வந்தது. நாலு நாள் அழுதேன். அப்புறம் விட்டுவிட்டேன். அம்மனே சொன்ன பிறகு யாரோடு போய்ச் சண்டை போடுவது? அந்த அட்டை இன்னும் என் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது.

அதனால்தான் என் மகள் மதுமதிக்கு நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தபோது எனக்கு அவளைவிட அவசரம் வந்தது. மே மாதம் ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். ஆனால் ரொம்ப நல்ல மார்க் இல்லை. அரசு கவுன்சிலிங்கில் இடம் வரலாம், வராமலும் போகலாம். அவளே இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தாள்.

"நாலு மாசம் பொறும்மா. கண்டிப்பா ஏதாச்சும் ஒரு ரவுண்டுல வரும்" என்றாள்.

நாலு மாசம்! வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்குத்தான் ஜாதகம் வரும் என்பது அவளுக்கு எங்கே தெரியும்? ஜூன் முதல் வாரமே என் நாத்தனார் உண்ணாமலை வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் மகன் சந்தோஷ்குமார் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறான். வடக்கே எங்கெங்கோ போர் போட்டுச் சம்பாதிக்கிறான். பையன் நல்ல பையன்தான், நான் குறை சொல்லவில்லை.

"அம்மிணி ஊட்ல சும்மாதான இருக்குது? முறைப்பையன் இருக்கையில வெளியில எதுக்குத் தேடறது?" என்றாள்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிந்தால் அடுத்து பூதான். இந்தக் கல்யாணத்துக்குப் பூ கேட்கும் முன்னால் மகளை ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்த்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் பிரபாகர் வந்தான். எங்கள் கூட்டத்துப் பங்காளி, அதே குலக்கோயில்தான், இவருக்குத் தம்பி முறை. ராசிபுரத்தில் அட்மிஷன் ஆபீஸ் போட்டு, பிள்ளைகளைக் கல்லூரிகளில் சேர்த்துவிடுகிறான்.

"அண்ணி, கவுன்சிலிங்க நம்பிக் கெட்டவங்க எத்தன பேரு தெரியுங்களா? நம்ம புள்ளைக்கு நான் சீட்ட இப்பவே பிளாக் பண்ணித் தாரேன். பார்டர் தாண்டி ஒரு மணி நேரம், பெங்களூர்ப் பக்கம். பெரிய பில்டிங்குங்க. ஒரிஜினல் சர்ட்டிபிகேட் மட்டும் குடுத்துருங்க, மத்ததெல்லாம் என்ற பொறுப்பு."

"ஒரிஜினலக் குடுக்கக் கூடாதும்மா. குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாதாம். எங்க மிஸ் சொன்னாங்க" என்றாள் மதுமதி.

"சும்மா இரு. சித்தப்பாகிட்டயா ரசீது கேப்ப? பங்காளி முறை தெரியாம பேசாத" என்று அவள் வாயை அடைத்தேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "வெள்ளிக்கிழம பூ கேட்டுப் போடலாம்" என்றார். "வெள்ள வந்தா பிரபாகரு சொன்ன காலேஜு. செவப்பு வந்தா அக்கா சொன்னதப் பாக்கலாம்."

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அடுப்படியில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினேன். முதல் பொட்டலத்தில் வெள்ளை அரளி வைத்தேன். இரண்டாவது இலையை விரித்தேன். செவ்வரளியை எடுத்தேன். எடுத்த கையில் என் நேர்காணல் அட்டை இருப்பதுபோல் இருந்தது. செவ்வரளியை அடுப்புக்குள் போட்டுவிட்டு, இரண்டாவது பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன்.

பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மன் என்ன, ஒரு பெண் படிப்பதை வேண்டாம் என்றா சொல்லிவிடப் போகிறாள்? அவளுக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்தினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோயிலில் வெள்ளை வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் விட்டுக் கும்பிட்டார். மற்ற பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன்.

இரண்டு எருமைகளை விற்றோம். என் சீர் வளையல் நாலும் கூட்டுறவு வங்கிக்குப் போயின. முதல் வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டினோம். ஆகஸ்டில் மதுமதி பெட்டியோடு போனாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசாமலேதான் போனாள். போகட்டும், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது பேசுவாள் என்று நினைத்தேன்.

பத்து நாளில் போன் வந்தது.

"ஆஸ்பத்திரியே இல்லம்மா. ஊசி போட்டுப் பழக ஒரு பொம்மை இருக்குது. அதுக்கும் ஒரு கை இல்ல. வார்டுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவீங்கன்னு கேட்டா, அடுத்த வருஷம் பாக்கலாங்கறாங்க. சீனியர் அக்காங்க யாருக்கும் இன்னும் பேஷண்டத் தொட்டுப் பிபி பாக்கத் தெரியல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வா கண்ணு, வந்துவிடு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். "அனுசரிச்சுப் போ சாமி" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரரோ, "ஆத்தா அனுப்பிச்ச எடம். காரணம் இல்லாம அனுப்ப மாட்டா" என்று தைரியம் சொன்னார். அவர் தைரியம் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே எரிந்தது.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை மறுபடி போன். இந்தத் தடவை குரலே வேறாக இருந்தது.

"அம்மா, ரெண்டாவது ரவுண்டுல வந்துருச்சும்மா! சேலத்துலயே கவர்மெண்டு காலேஜு. வருஷத்துக்குச் சில ஆயிரந்தான். பெரியாஸ்பத்திரியிலயே டிரெய்னிங்கு. சனிக்கிழம அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினலோட போய்ச் சேரணும். இல்லைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "அம்மா, ஒரிஜினல வாங்கிக் குடும்மா" என்றாள். அழுதாள். சின்ன வயசிலிருந்தே எதையும் கேட்டு அழாத பிள்ளை அது.

பிரபாகருக்குப் போன் போட்டோம். "ஐயையோ, நாலு வருஷப் பீஸையும் கட்டுனாத்தான் ஒரிஜினல் தருவாங்கண்ணா. அவங்க ரூலு. நான் என்ன பண்றதுங்க?" என்றான். ஜூன் மாதம் இந்த ரூல் எங்கே போயிருந்தது என்று நான் போனைப் பிடுங்கிக் கத்தினேன். அவன் கட் செய்துவிட்டான்.

"அவன் ஊட்டுக்கு வாங்க, போலாம். சட்டையப் புடிச்சுக் கேப்போம்" என்று என் வீட்டுக்காரரைக் கிளப்பினேன். அவர் கட்டிலை விட்டு அசையவில்லை.

"எதுக்குப் புள்ள? அந்தக் காலேஜுக்குப் போகச் சொன்னது பிரபாகரா? ஆத்தா. அவ வெள்ளையக் குடுத்தா, நாம சேத்தோம். இப்ப இன்னொண்ணு நல்லா இருக்குதுன்னு அவ வார்த்தைய மீறி மாத்துனா நல்லா இருக்குமா? நமக்கு இருக்கறது ஒரே புள்ள."

மூவாயிரம் சாமிகளைக் கும்பிடுகிற மனுஷன், என்னுடைய ஒரு பொட்டலத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். அரசாங்கம் கூப்பிடுகிறது, மகள் அழுகிறாள், நடுவில் நான் கட்டிய வாழை நார் குறுக்கே கிடக்கிறது. வியாழக்கிழமை முழுவதும் சண்டை போட்டேன், கெஞ்சினேன், சமைக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். சாயங்காலம்தான் இறங்கி வந்தார்.

"செரி. நாளைக்கு ஆத்தாகிட்டயே திருப்பிக் கேட்டுருவோம். வெள்ள வந்தா கூட்டியாந்து சேலத்துல சேத்தலாம். செவப்பு வந்தா அங்கயே படிக்கட்டும். அதுக்கு மேல நீ பேசக் கூடாது."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவரே இரண்டு நிற அரளியும் பறித்து வந்து என் முன்னால் வைத்தார். "நீயே கட்டு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

கட்டினேன். இரண்டிலும் வெள்ளை. யோசிக்கக்கூட இல்லை. பழகிய கை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும், இத்தோடு சரி, என் பிள்ளைக்கு நான் செய்ததை நானே திருத்திக்கொள்கிறேன் தாயே என்று கும்பிட்டுக்கொண்டேன்.

கோயிலில் எங்களைத் தவிர யாருமில்லை. பொட்டலங்களைக் காலடியில் வைத்தோம். நாச்சிமுத்து கற்பூரம் காட்டினார். என் வீட்டுக்காரர் வழக்கமாக உதட்டுக்குள் முனகுவார். அன்று வாய்விட்டுப் பேசினார்.

"ஆத்தா, நீ சொன்னதையே திருப்பிக் கேக்கறேன்னு கோவிச்சுக்காத. எனக்கு உன்ற வார்த்தையில சந்தேகமில்ல. என்ற ஊட்டுக்காரி சௌந்திரம் மனசு தாங்கல, அதான் வந்திருக்கறோம். குத்தம் ஏதாச்சும் இருந்தா என்ற மேல வெச்சுக்க. அவள ஒண்ணும் பண்ணிராத."

நாச்சிமுத்து கண்ணை மூடிக் கையை நீட்டினார்.

"எடுக்காதீங்க" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. நான் போய் உட்கார்ந்து இரண்டு பொட்டலங்களையும் பிரித்தேன். நார் அவிழவில்லை, பல்லால் கடித்து அறுத்தேன். இரண்டிலும் வெள்ளைப் பூ கொட்டியது.

"போன தடவையும் இப்படித்தானுங்க கட்டுனேன். ஆத்தா ஒண்ணும் சொல்லலீங்க. அந்தக் காலேஜுக்கு அனுப்பிச்சது நான். உங்க அக்கா கேட்ட சம்பந்தத்துக்குப் பயந்துட்டுப் பண்ணுனேன். நீங்க என்ன வேணாலும் பண்ணிக்கங்க, புள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. தரையில் கிடந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அம்மன் காலடியிலேயே வைத்தார். நாச்சிமுத்து மெல்ல நழுவி வெளியே போய்விட்டார்.

"அப்ப ஆத்தா போகச் சொல்லல?"

"சொல்லலீங்க."

"அப்ப பிரபாகருக்கு அவ காவல் இல்ல."

"இல்லீங்க."

எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த மனுஷன் அப்படி வேட்டி கட்டி இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. வண்டியை எடுத்தார். நான் பின்னால் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

ராசிபுரத்தில் பிரபாகர் ஆபீஸைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடிக்கவில்லை, சத்தம் போடவுமில்லை. சட்டைப் பையிலிருந்து கோயில் கும்பாபிஷேக வரி நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எங்கள் கூட்டத்தில் வீட்டுக்கு வீடு வரி வாங்குவது அவர் பொறுப்பு.

"இதுல உன்ற பேரு இருக்குது. சாயங்காலத்துக்குள்ள என்ற புள்ளையோட ஒரிஜினல் என்ற கைக்கு வரலைன்னா அந்தப் பேர அடிச்சுருவேன். வரி வாங்க மாட்டோம். நாளைக்குக் கோயில் கல்லுல உன்ற பேரு இருக்காது. உன்ற ஊட்டு நல்லது கெட்டதுக்குப் பங்காளி ஒருத்தன் வர மாட்டான். யோசிச்சுக்க."

பிரபாகர் முகம் செத்துப்போனது. கூட்டத்தில் வரி வாங்காமல் விட்டால், நீ எங்களில் ஒருவன் இல்லை என்று அர்த்தம். கோர்ட்டு கேஸுக்குப் பயப்படாதவனும் அதற்குப் பயப்படுவான். நாலு போன் போட்டான். அப்புறம் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, "ஏறுங்கண்ணா, நேராப் போய்ப் பேசிக்கலாம்" என்றான்.

போகும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. தொப்பூர்க் கணவாயில் எனக்கு வாந்தி வந்தது. கார் நின்றது. தண்ணீர் பாட்டிலை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல்.

கல்லூரி ஆபீஸுக்குள் பிரபாகர் போய் ஒரு மணி நேரம் பேசினான். வெளியே வந்தபோது கையில் கவர் இருந்தது. "கட்டுன பணம் திரும்ப வராதுங்கண்ணா. இதுக்கே நான் கால்ல உழுகாத கொற."

"போச்சாது, போனாப் போகுது" என்றார் இவர். கவரைப் பிரித்து, மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கவருக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினார். இதுவரை எதையும் இப்படிச் சோதித்துப் பார்க்கிற மனுஷனே இல்லை அவர்.

மதுமதி பெட்டியோடு படியிறங்கி ஓடி வந்தாள். கவரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "அப்பா எப்படிம்மா ஒத்துக்கிட்டாரு? பூ கேட்டீங்களா?" என்று என் காதில் கேட்டாள்.

"அப்பறம் சொல்றேன்" என்றேன்.

திரும்பும்போது பிரபாகரின் காரில் ஏற மாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார். சேலம் பஸ்ஸில் வந்தோம். மதுமதி முன்சீட்டில் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். கவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி என் மடியில் கொடுத்திருந்தாள். எருமை போனது, வளையல் போனது, கட்டிய பணம் போனது. நாளைக்குக் காலையில் பிள்ளை சேலத்தில் சேர்ந்துவிடுவாள். அது ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டு, வெளியே ஓடும் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தருமபுரி தாண்டியதும்தான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"நம்ம கல்யாணத்துக்குப் பூ கேட்டது உங்க ஊட்லதான?"

"ஆமாங்க."

"பொட்டலம் யாரு கட்டுனது?"

"எங்கம்மா."

கண்டக்டர் வந்து போனார்.

"மத்தப் பொட்டலத்த யாராச்சும் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க" என்றேன். இருபது வருஷமாக எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அம்மாதான்.